எதிர்க்கடை விலை

"ஏங்க, துணி சோப்பு நாலு கட்டி சேர்ந்தது எழுபத்தொம்பதாம். வாங்கட்டுமா?"

கைப்பேசியைக் காதுக்கும் தோளுக்கும் நடுவே இடுக்கிக்கொண்டு, தள்ளுவண்டியைப் பிடித்தபடி சோப்பு வரிசையில் நிற்கிறாள் ரேட்டு அக்கா. மறுமுனையில் பேசுவது அவள் கணவர் இல்லை. இதே சாலையின் மறுகோடியில், பேருந்து நிறுத்தத்தை ஒட்டி இருக்கும், அவள் வேலை பார்க்கும் பெரிய கடையின் மேனேஜர். அவளைவிடப் பத்து வயதாவது சின்னவர், புதுசாகக் கல்யாணமானவர். முதல் தடவை அவள் "ஏங்க" என்றதும் மனிதருக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது. இப்போது பழகிவிட்டது. "எழுபத்தொம்பதா? சரிக்கா, அடுத்தது" என்று கணினியில் தட்டிக்கொள்கிறார். "வேணாமா? சரி, வேணாம்னா வேணாம்" என்று இவள் உரக்க அலுத்துக்கொண்டு, எடுத்த சோப்பை எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டு வண்டியைத் தள்ளுகிறாள். பார்க்கிறவர்களுக்கு, கஞ்சப் புருஷனிடம் வாழ்க்கைப்பட்ட ஒரு பாவப்பட்ட ஜீவன்.

இதுதான் அவள் வேலை. மற்ற கடைகளில் என்ன பொருள் என்ன விலைக்குப் போகிறது என்று பார்த்துச் சொல்ல அவளுக்குச் சம்பளம். காலையில் ஒரு சுற்று, மாலையில் ஒரு சுற்று. காலையில் பார்த்த விலை மாலையில் இருக்காது. இவள் கடை சோப்பில் இரண்டு இறக்கினால், ஆஸ்பத்திரிப் பக்கத்தில் இருக்கும் இந்த எதிர்க்கடை மறுநாள் மூன்று இறக்கும். அதை இவள் போய்ப் பார்த்துச் சொன்னால் இவள் கடை இன்னும் ஒன்று இறக்கும். இப்படி இரண்டு கடைகளும் ஒன்றை ஒன்று துரத்திக்கொண்டு ஓட, நடுவில் செருப்புத் தேய்கிறவள் இவள்தான். இடது செருப்பின் குதிகால் எப்போதும் ஒரு பக்கமாகச் சாய்ந்திருக்கும். புதுச் செருப்பு வாங்கினாலும் அடுத்த மாதமே சாய்ந்துவிடும்.

ஒன்றும் வாங்காமல் வெளியே வந்தால் காவலாளி சந்தேகப்படுவான் என்று, இருப்பதிலேயே மலிவான ஒரு தீப்பெட்டியை வாங்கிக்கொண்டு வருவாள். வீட்டில் அலமாரிக்கு மேல், கட்டிலுக்குக் கீழ், தையல் மெஷின் இழுப்பறையில், எங்கே கைவைத்தாலும் தீப்பெட்டி. "நம்ம வீட்ல ஒரு பொறி விழுந்தாப் போதும், தெருவே காலி" என்பார் கணவர். பேருந்து ஓட்டுநர் அவர். நாள் முழுக்க ஓட்டினாலும், வீட்டுக்கு வந்தால் அசையாமல் உட்காரத் தெரிந்தவர். இவளுக்கு அந்த வித்தை வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம்கூடச் சாப்பிட்ட கையோடு எழுந்துவிடுவாள்.

"எங்க கிளம்பிட்ட? இன்னிக்கு லீவுதானே?"

"எண்ணெய் விலைய மட்டும் ஒரு எட்டு பாத்துட்டு வந்துடறேன். சனிக்கிழமை ராத்திரிதான் மாத்துவாங்க."

"ஒருநாள் பாக்கலைன்னா என்ன?"

"உக்காந்தா எங்கயோ ஒரு விலை மாறிக்கிட்டே இருக்குற மாதிரி இருக்குங்க."

உறவுக்காரர் வீட்டுக்குப் போனால் காபி குடித்து முடித்த கோப்பையைக் கவிழ்த்து, அடியில் விலைச் சீட்டு ஒட்டியிருக்கிறதா என்று பார்க்கிறாள். பார்க்க வேண்டும் என்று நினைத்துச் செய்வதில்லை. கை தானாகப் போய்விடுகிறது. ஒருமுறை கணவரின் முகத்தையே அவள் உற்றுப் பார்க்க, அவர் கன்னத்தைத் தடவிக்கொண்டு, "என்ன, பாதி விலைன்னு ஏதாவது ஒட்டியிருக்கா?" என்று கேட்டார்.

விலைகளின் நடத்தை அவளுக்கு அத்துப்படி. "இறக்குன விலைய மஞ்சள்ல கொட்டை எழுத்துல எழுதுவாங்க. ஏத்துன விலைய எழுதவே மாட்டாங்க, அதைத்தான் தேடணும்" என்பாள். எண்ணெயை வாசலிலேயே அடிமாட்டு விலைக்கு அடுக்கியிருந்தால், உள்ளே வேறு எதிலோ பிடித்துவிடுகிறார்கள் என்று அர்த்தம். ஒன்று வாங்கினால் ஒன்று இலவசம் என்றால் பாக்கெட்டைக் கையில் தூக்கிப் பார்ப்பாள். "பாக்கெட் அதேதான் சார். உள்ள பிஸ்கட் ரெண்டு குறைஞ்சு காத்து ஏறியிருக்கு." அதைக் கேட்டு மேனேஜர் சிரிப்பார். மறுவாரம் இவள் கடை பாக்கெட்டிலும் காற்று ஏறும்.

எதிர்க்கடைக்கும் இப்படி ஓர் ஆள் உண்டு. எப்போதும் தொப்பி போட்ட, ஓய்வுபெற்ற கணக்கர். அவர் கைப்பேசியெல்லாம் பேசுவதில்லை. கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, விலைச் சீட்டுகளைச் சின்ன எழுத்து தெரியாதவர்போல வாய்விட்டுப் படிப்பார். சட்டைப்பையில் ஏதோ கருவி அதைப் பதிந்துகொள்ளும். இவள் கடையின் மாவு வரிசையில் அவர் படிப்பதைப் பார்த்த அன்றைக்கே இவளுக்குப் புரிந்துவிட்டது. அவருக்கும் இவளைத் தெரியும். சாலையில் எதிரெதிரே கடக்கும்போது, இவள் அவர் கடைக்குப் போய்க்கொண்டிருப்பாள், அவர் இவள் கடைக்கு. "வெயில் ஜாஸ்தி" என்பார் அவர். "ஆமாங்க" என்பாள் இவள். அதற்குமேல் பேச்சில்லை.

இந்த இரண்டு கடைகளுக்கும் நடுவே, சாலையிலிருந்து பிரிகிற ஒரு சந்தில், அவள் தங்கச்சி கடை வைத்திருக்கிறாள். வாசலில் இரண்டு பேர் நின்றால் மூன்றாவது ஆள் தெருவில்தான் நிற்க வேண்டும், அவ்வளவு சின்னது. பெரிய கடைகளின் சோப்புச் சண்டையில் முதலில் அடிபட்டது அதுதான். அவர்கள் விற்கிற விலை தங்கச்சியின் கொள்முதல் விலைக்கும் கீழே போய்விட்டது. சந்துக்காரர்களே சோப்பும் எண்ணெயும் அங்கே வாங்கி, அவள் கடையைத் தாண்டிப் பையை மறைத்துக்கொண்டு நடந்தார்கள். தங்கச்சி கடையை மூடிவிடலாமா என்று அழுத சமயத்தில், வழி சொன்னதே ரேட்டு அக்காதான்.

"சோப்புல மோதாத. உன்னால முடியாது. முட்டையப் பிடி. ரெண்டு கடையிலயும் முட்டை நாள்பட்டது, எங்கயோ கடைசி வரிசையில கிடக்கு, யாரும் கண்டுக்கறதில்ல. உன் வீட்டுக்காரரு காலையில வண்டிய எடுத்துட்டு நேராப் பண்ணைக்குப் போகட்டும்."

தங்கச்சி அப்படியே செய்தாள். பெரிய கடைகளில் முப்பது கொண்ட ஒரு தட்டு நூற்றறுபதுக்குப் போன முட்டையை நூற்று நாற்பதுக்கு விற்றாள். தட்டாக வேண்டாம் என்பவர்களுக்கு இரண்டும் மூன்றுமாகக் கொடுத்தாள். அவள் கணவர் மாடிப்படி ஏறிக் கொண்டுபோய்க் கொடுத்தார். சந்தில் மறுபடி கூட்டம் சேர்ந்தது. முட்டைக்கு வந்தவர்கள் சோப்பும் வாங்கிப்போனார்கள், இரண்டு காசு கூடவாக இருந்தாலும்.

அந்தக் கூட்டம்தான் வினையாகிவிட்டது. ஒருநாள் மேனேஜர், "அக்கா, அந்தச் சந்துக் கடையில முட்டை நல்லாப் போகுதாம். போற வழியில அதையும் ஒரு பார்வை பாத்துடுங்க" என்றார்.

அவருக்கு அது யார் கடை என்று தெரியாது. இவளும் சொன்னதில்லை. சந்துமுனை வரை போனாள். உள்ளே போகக் கால் வரவில்லை. அங்கிருந்தே கைப்பேசியை எடுத்து, "ஏங்க, இங்கயும் நூத்தியறுபதுதாங்க. நம்ம விலைதான்" என்றாள். அத்தனை வருடத்தில் அவள் சொன்ன முதல் தப்பு விலை. சொல்லி முடித்ததும் காது சூடாகிவிட்டது. மறுபடி கூப்பிட்டுத் திருத்திவிடலாமா என்று அந்த இடத்திலேயே இரண்டு தடவை சுற்றிச்சுற்றி நடந்தாள். கூப்பிடவில்லை.

அந்த வாரமே சாலையில் தொப்பிக்காரர் எதிரே வந்தார். வழக்கமான வெயில் பேச்சு இல்லாமல் நின்றார்.

"அந்தச் சந்துக் கடை அம்மா உங்களுக்குச் சொந்தமா? மூக்கு அப்படியே இருக்கே."

"தங்கச்சிங்க."

அவர் தொப்பியைக் கழற்றி உள்பக்கம் துடைத்துக்கொண்டார். "நேத்தே விலைய சொல்லிட்டேம்மா. தெரியாமப் போச்சு. தெரிஞ்சிருந்தாலும் சொல்லித்தான் ஆகணும்."

மறுநாள் எதிர்க்கடை வாசலில் மஞ்சள் பலகை வந்துவிட்டது. முட்டை, தட்டு நூற்று முப்பத்தைந்து. இவள் பார்த்துச் சொன்னாள். சொல்லாமல் விட்டால் மட்டும் அந்தப் பலகை மறைந்துவிடுமா என்ன?

மேனேஜர் அவளை அறைக்குக் கூப்பிட்டார். "அவங்க ஏன் திடீர்னு முட்டைல இறங்குனாங்கன்னு விசாரிச்சேன். சந்துல நூத்தி நாப்பதாமே? நீங்க நூத்தியறுபதுன்னு சொன்னீங்க."

"சரியாப் பாக்கல சார்."

"நீங்களா?"

அந்த ஒரு சொல்லில் கோபம் இல்லை. அதுதான் அவளைத் தைத்தது. அவர் அதற்குமேல் கேட்கவும் இல்லை. முட்டைக்குப் புது விலை நூற்றுப் பத்தொன்பது என்று தாளில் எழுதி வட்டம் போட்டார்.

"பண்ணை விலையே அதுக்கு மேல இருக்குமே சார்?"

"முட்டைல நஷ்டந்தான். ஆனா முட்டைக்கு வர்றவங்க எண்ணெயும் மாவும் எடுக்காமப் போவாங்களா? அதான் கடைசி வரிசையில வச்சிருக்கோம், கடை பூரா நடந்து வரட்டும். ஒரு மாசம் இப்படியே ஓட்டுனா எதிர்க்கடை அடங்கிடும். சந்துல அதுவரைக்கும் தாங்க மாட்டாங்க. அப்புறம் பழைய விலைக்கே ஏத்திக்கலாம்." நாளைக்கு மழை வரும் என்று சொல்வதுபோலத்தான் சொன்னார். அவருக்கும் மேலே ஒருவர் இருந்தார். மாதக் கடைசியில் அவர் கேட்கிற கேள்விகளுக்கு இவர்தான் பதில் சொல்ல வேண்டும்.

ரேட்டு அக்கா அன்றைக்கு மாலைச் சுற்றை விட்டுவிட்டு நேரே சந்துக்குப் போனாள். தங்கச்சி ஈரத்துணியால் முட்டைகளை ஒவ்வொன்றாகத் துடைத்து அடுக்கிக்கொண்டிருந்தாள். எல்லாவற்றையும் கொட்டித் தீர்த்தாள் அக்கா. பொய் விலை சொன்னதையும் சேர்த்து. தங்கச்சி கையைப் பிடித்துக்கொண்டு அழுவாள், தேற்ற வேண்டியிருக்கும் என்று நினைத்திருந்தாள். தங்கச்சிக்கு வந்தது ஆத்திரம்.

"உன்ன யாரு எனக்காகப் பொய் சொல்லச் சொன்னா?"

"வேற என்னடி செய்யச் சொல்ற? என் வாயாலயே உன் கடைய மூடச் சொல்றியா?"

"உள்ளத அங்க சொல்லிட்டு, அதை அன்னிக்கே எங்கிட்டயும் வந்து சொல்லியிருந்தா நான் தயாரா இருந்திருப்பேன்ல? மூடி மூடி வச்சே கழுத்த அறுக்கறியேக்கா. நாளைக்கு உன் வேலை போச்சுன்னா மாமா முகத்துல நான் எப்படி முழிப்பேன்?" கையிலிருந்த முட்டையைக் கொஞ்சம் வேகமாகவே தட்டில் வைத்தாள். அது உடையவில்லை. பிறகு துணியை உதறிக்கொண்டே, "எவ்வளவுன்ன?" என்றாள்.

"நூத்திப் பத்தொம்பது."

"பண்ணையில நூத்தி இருபத்தஞ்சு." தங்கச்சி தன்னிடமிருந்த தட்டுகளை விரலால் எண்ணினாள். "எத்தன தட்டு வச்சிருப்பாங்க?"

அக்காவுக்கு அந்தக் கேள்வி அப்போது விளங்கவில்லை.

மறுநாள் தங்கச்சி கணவர் பண்ணைக்குப் போகவில்லை. அக்கா வேலை பார்க்கும் பெரிய கடை திறந்ததும் ஆட்டோவில் வந்து இறங்கி, கடைசி வரிசையில் இருந்த முட்டையை ஒரு தட்டு மிச்சமில்லாமல் அள்ளிக்கொண்டு போனார். எண்ணெயையும் மாவையும் ஏறெடுத்தும் பார்க்கவில்லை. சந்தில் விலை நூற்று முப்பது ஆனது. பண்ணை வரை போய்வரும் செலவு மிச்சமானதால், பண்ணையில் வாங்கி நூற்று நாற்பதுக்கு விற்றதைவிட அதில் அவர்களுக்கு ஒன்றும் குறைச்சலில்லை.

"முட்டை பறக்குதுக்கா!" என்று முதல் நாள் மேனேஜர் குதித்தார். இரண்டாம் நாளும் தங்கச்சி கணவர் அப்படியே அள்ளிப்போக, இந்தக் கடை வாசலில் வைத்த நூற்றுப் பத்தொன்பது மஞ்சள் பலகையைப் பார்த்து வந்தவர்கள், காலி அலமாரியைப் பார்த்துவிட்டு, "சும்மா ஊரை ஏமாத்தறதுக்குப் பலகை" என்று திட்டிக்கொண்டே வெறும் கையோடு திரும்பினார்கள். இரண்டு தெரு தள்ளியிருந்து வந்த ஒருவர், முட்டை இல்லாத கோபத்தில் கையிலிருந்த எண்ணெயையும் வைத்துவிட்டுப் போனார். ரேட்டு அக்கா கல்லாப் பக்கம் நின்று எல்லாவற்றையும் பார்த்தாள். யார் அள்ளிக்கொண்டு போகிறார்கள் என்று அவளை யாரும் கேட்கவில்லை. அவளாகச் சொல்லவும் இல்லை. ஆனால் நிலைகொள்ளவில்லை. எதிர்க்கடையில் பருப்பு விலையைப் படித்துக்கொண்டிருந்தவள், "ஏங்க" என்றதோடு நிறுத்திவிட்டு, எதைச் சொல்ல வந்தோம் என்பதே மறந்து நின்றாள்.

மூன்றாம் நாள் மஞ்சள் பலகைக்குக் கீழே இன்னொரு அட்டை தொங்கியது: ஒருவருக்கு ஒரு தட்டு மட்டும்.

அன்று காலைச் சுற்றை முடித்துக்கொண்டு அவள் திரும்பியபோது கல்லா முன்னால் நீள வரிசை. தையற்கடைக்காரி, மாடிவீட்டுப் புருஷன் பெண்டாட்டி, இஸ்திரி போடுகிறவர், தங்கச்சியின் கணவர் என்று பாதிச் சந்து அங்கே நின்றது. ஆளுக்கு ஒரு தட்டு முட்டை. நடுவில் தங்கச்சி, தன் தட்டை இடுப்போடு அணைத்துக்கொண்டு, எல்லோரிடமும் ஏதோ சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தாள். மேனேஜர் கல்லாவுக்குப் பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். இவளைப் பார்த்ததும் அருகே வந்தார்.

"அந்தச் சிரிக்கிற அம்மாதான் சந்துக் கடையா?"

"ஆமா சார்."

"உங்களுக்குத் தெரியுமா அவங்கள?"

கைப்பேசி அவள் கையில் இருந்தது. எதிர்க்கடையில் அன்றைக்குப் பார்த்த விலைகள் அத்தனையும் தலைக்குள் வரிசையாக நின்றன.

"என் கூடப் பொறந்தவ சார். அந்த நூத்தியறுபது, நான் பாக்காம சொன்னதில்ல. தெரிஞ்சேதான் சொன்னேன்."

மேனேஜரின் பார்வை வரிசைக்குப் போய்ப் பலகைக்குப் போய் இவளிடம் திரும்பியது. கல்லாப் பெண் அடுத்த தட்டை எடுக்காமல் இவர்களையே பார்த்தாள்.

அந்த நேரம் பார்த்துத் தங்கச்சி வரிசையிலிருந்து கழுத்தை நீட்டினாள். "அக்கா! சும்மாதானே நிக்கற? ஒரு ஆள் குறையுது. நீயும் ஒரு தட்டு எடுத்துட்டு வந்து நில்லேன்!"

வரிசையில் யாரோ சிரித்தார்கள். மேனேஜர் சிரிக்கவில்லை. ரேட்டு அக்கா கைப்பேசியை அணைத்துப் பைக்குள் போட்டாள். கடைசி வரிசை வரைக்கும் நடந்து போனாள். மேலே இருந்த தட்டை விட்டுவிட்டு, அதற்கு அடுத்ததை உருவி, கீறல் விழுந்த முட்டை ஏதும் இருக்கிறதா என்று வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தாள். பிறகு அதை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு வந்து, மேனேஜரைக் கடந்து, தங்கச்சிக்குப் பின்னால் நின்றாள்.