கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கிளைவ் சொன்னது

வின்னியின் வாய் சின்னதாகிக்கொண்டே வந்ததை முதலில் கவனித்தவள் எட்னாதான்.

ஹோல்ம்ஷா மில்லின் தறிக்கூடத்தில் காதுக்கு வேலை கிடையாது. தறிகள் ஓட ஆரம்பித்துவிட்டால் பக்கத்தில் நிற்பவள் கத்தினாலும் கேட்காது. அதனால் அங்கே வேலை பார்க்கும் பெண்கள் வாயை நன்றாகத் திறந்து, சத்தமே இல்லாமல் உதட்டால் பேசுவார்கள். எதிரே இருப்பவள் உதட்டைப் பார்த்தே புரிந்துகொள்வாள். யார் வீட்டில் நேற்றுத் தட்டு பறந்தது, எந்த மேஸ்திரி யாரைப் பார்த்துப் பல்லிளித்தான் எல்லாம் தறிகளுக்கு மேலே ஓசையில்லாமல் பறந்துகொண்டிருக்கும். பள்ளிக்கூடத்தை விட்ட கையோடு மில்லில் சேர்ந்தவள் எட்னா. உதடு படிப்பதில் அவளை அடித்துக்கொள்ள ஆளில்லை. தேவாலயத்தில் பாதிரியார் அடுத்த வரிசைக்காரரிடம் முணுமுணுப்பதைக்கூட அவள் கடைசி பெஞ்சிலிருந்தே படித்துச் சொல்லிவிடுவாள்.

வின்னியின் தறிகள் அவளுக்கு நேர் எதிரே. காலையிலிருந்து மாலை வரை இரண்டு பேருக்கும் பேச்சு ஓயாது. எப்போதும் ஒரே பேச்சுதான். மான்செஸ்டருக்குப் போவது, பஸ்ஸில் கண்டக்டராகச் சேருவது, இரண்டு கட்டில் போட்ட ஓர் அறை எடுப்பது. இருபது வயதுக்கு மேலாகியும் சம்பளக் கவரைப் பிரிக்காமல் அம்மா கையில் கொடுக்கிற பிழைப்பு இனி வேண்டாம் என்று இருவரும் முடிவு செய்திருந்தார்கள். ஆனால் கிளம்பும் நேரம் வந்தபோதெல்லாம் பின்வாங்கியவள் எட்னாதான். ஒரு தடவை அப்பாவுக்கு மார்ச்சளி என்றாள். இன்னொரு தடவை, கோடை விடுமுறை கழியட்டும், மில்லே மூடி ஊரே பிளாக்பூல் கடற்கரைக்குப் போய்வரும் சமயத்தில் எப்படிக் கிளம்புவது என்றாள்.

அந்தக் கோடையில்தான் கிளைவ் வந்தான். மேட்டுத் தெரு டாக்டரின் மகன். லீட்ஸில் சட்டம் படித்துவிட்டு வந்தவன், ஒரு சனிக்கிழமை என்ன தோன்றியதோ, கீழே மில்காரர்கள் ஆடும் நடனக் கூடத்துக்கு வந்தான். எட்னாவும் வின்னியும் சேர்ந்துதான் நின்றிருந்தார்கள். அவன் வின்னியிடம் கையை நீட்டினான். எட்னாவிடம் தன் கோட்டைக் கொடுத்து, "இதைக் கொஞ்சம் பிடிச்சுக்கிறீங்களா?" என்றான்.

மூன்று பாட்டு முடியும்வரை எட்னா அந்தக் கோட்டைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நல்ல கம்பளி. உள்ளே பட்டு லைனிங். அதைத் தரையில் போட்டு மிதிக்கலாம் போலவும் இருந்தது, ஒரு தடவை போட்டுப் பார்க்கலாம் போலவும் இருந்தது.

அதற்குப் பிறகு வின்னி மாறினாள். உருளைக்கிழங்கு வறுவல் துண்டுகளைப் பொட்டலத்திலிருந்து கையால் எடுக்காமல் மரக்குச்சியால் குத்தி எடுத்தாள். குளிரில்லாத நாளிலும் கையுறை போட்டாள். எட்னாவுக்கு அதையெல்லாம் பொறுத்துக்கொள்ள முடிந்தது. வாய் சின்னதானதைத்தான் பொறுக்க முடியவில்லை. பேசும்போது இப்படி வாயைப் பிளக்காதே என்று கிளைவ் சொல்லியிருப்பான் போல. வின்னி உதட்டை ஒட்டினாற்போல் வைத்துக்கொண்டு பேசப் பழகினாள். தறிக்கு அந்தப் பக்கம் அவள் ஏதோ சொல்வாள். எட்னாவுக்குப் பாதி புரியாது.

"என்னடி சொல்றே? வாயைத் திற."

"திறந்துதானே பேசறேன்."

"தபால் பெட்டி மாதிரி இருக்கு. உள்ளே போனது வெளியே வரமாட்டேங்குது."

வின்னி சிரிக்கவில்லை. முன்பெல்லாம் இதற்கு அரை மணி நேரம் சிரித்திருப்பாள்.

யார்மேல் பொறாமை என்று கேட்டிருந்தால் எட்னாவால் சொல்லியிருக்க முடியாது. வின்னியைக் கொண்டுபோகிறான் என்று கிளைவ்மேல் எரிச்சல். கொண்டுபோக ஒருவன் கிடைத்துவிட்டான் என்று வின்னிமேல் எரிச்சல். டீக்கடையில் அவர்கள் இருவரும் உட்கார்ந்திருக்கும் சாயங்காலங்களில் எட்னா தெருவுக்கு எதிர்ப்புறம் பஸ்ஸுக்கு நிற்பவள்போல் நின்று, கண்ணாடி வழியாகக் கிளைவின் வாயையே பார்த்துக்கொண்டிருப்பாள். அவன் உதடு அசைவதே தெரியாது. ஆனால் வயிற்றெரிச்சல் நல்ல வாத்தியார். இலையுதிர்காலம் வருவதற்குள் அவன் வாயையும் படிக்கக் கற்றுக்கொண்டாள்.

கல்யாணம் சனிக்கிழமை, ரிஜிஸ்டர் ஆபீசில் என்று முடிவானது. தேவாலயம் வேண்டாம், கூட்டம் வேண்டாம் என்று கிளைவின் அம்மா சொல்லிவிட்டார்களாம். மில்லிலிருந்து யாரையும் கூப்பிடப்போவதில்லை.

"உன்னையாவது கூப்பிடணும்னு கேட்டேன் எட்னா," என்றாள் வின்னி. "சின்ன இடமாம்."

"ஆமா, நான் ரொம்ப அகலம்," என்றாள் எட்னா.

ஹோல்ம்ஷாவில் ஒரு பழக்கம் உண்டு. கல்யாணத்துக்குப் போகும் பெண்ணை அவளுடைய கடைசி வேலைநாளில் சும்மா அனுப்பமாட்டார்கள். மதியம் தறிகள் நின்றதும் பழைய ஜன்னல் லேஸைத் தலையில் முக்காடாகப் போட்டு, உடம்பெல்லாம் காகிதப்பூ குத்தி, கையில் உப்பு நிரப்பிய மூத்திரச் சட்டியைக் கொடுத்து, நூல் கொண்டுபோகும், அடியில் சக்கரம் வைத்த பெரிய பிரம்புக்கூடையில் உட்காரவைத்துக் கயிற்றால் கட்டுவார்கள். பிறகு பாட்டுப் பாடிக்கொண்டே தெருத்தெருவாகத் தள்ளிப்போவார்கள். மாப்பிள்ளை வந்து கட்டை அவிழ்த்துவிட வேண்டும். அவன் வேலை செய்யும் இடமோ, வீடோ, சாராயக்கடையோ, எங்கே இருந்தாலும் அங்கே கூடை போய் நிற்கும். அவன் வெட்கப்பட்டுக்கொண்டே வந்து அவிழ்ப்பான். பார்க்கிறவர்கள் கேலி பண்ணுவார்கள். மறுநாள் தேவாலயத்தில் நடப்பதைவிட இதைத்தான் ஊர் உண்மையான கல்யாணம் என்று நினைத்தது.

வெள்ளிக்கிழமை வின்னியையும் கட்டினார்கள். கூட்டத்துக்குத் தலைவி பெர்த்தா. தறிக்கூடத்தில் மூத்தவள், மூன்று மகள்களைக் கட்டிக்கொடுத்தவள், குரல் ஆலைச் சங்கு மாதிரி.

"நம்ம தெருவைச் சுத்திட்டு விட்டுடலாம்," என்றாள் பெர்த்தா. "அந்தப் பையன் மேட்டுத் தெருக்காரன். அவங்களுக்கு இதெல்லாம் என்ன தெரியும்?"

"அதெப்படிக்கா?" என்றாள் எட்னா. "மாப்பிள்ளை அவுக்கலைன்னா அது என்ன கல்யாணம்? வின்னி மட்டும் எதுல குறைஞ்சவ?"

பெண்கள் ஆமாம் ஆமாம் என்றார்கள். வின்னி கூடைக்குள்ளிருந்து, "வேண்டாம் எட்னா," என்றாள். சின்ன வாயால் சொன்னாள். எட்னா நன்றாகவே படித்தாள். படிக்காதவள்போல் கூடையின் கைப்பிடியைப் பிடித்தாள்.

மேட்டில் ஏற்றுவது லேசில்லை. பாதி வழியில் பாட்டு நின்று மூச்சுவாங்கல் மட்டும் மிச்சமிருந்தது. மேட்டுத் தெருவில் வேலிச்செடிகள் ஒரே உயரத்தில் வெட்டப்பட்டிருந்தன. எங்கோ ஒரு நாய்க்குட்டி குரைத்தது. ஒரு வீட்டின் வேலைக்காரப் பெண் மட்டும் வாசலுக்கு ஓடிவந்து பார்த்து, சிரிக்கலாமா என்று யோசித்து, உள்ளே போய்விட்டாள்.

டாக்டர் வீட்டின் முன் கூடையை நிறுத்தினார்கள். பெரிய ஜன்னல். அதற்குப் பின்னால் கிளைவ் கையில் டீக்கோப்பையோடு நின்றிருந்தான். பக்கத்தில் முதுகைக் காட்டிக்கொண்டு அவன் அம்மா. பெண்கள் மறுபடி பாட்டை எடுத்தார்கள். கிளைவ் பார்த்துவிட்டான். பார்த்தது எல்லாருக்கும் தெரிந்தது. பிறகு அம்மா பக்கம் திரும்பி ஏதோ சொன்னான்.

மற்றவர்களுக்கு அந்த உதடுகள் சும்மா அசைந்தன. எட்னாவுக்கு அப்படியில்லை.

"திரும்பாதீங்கம்மா. பாக்காத மாதிரி இருங்க, அலுத்துப்போய் அவங்களே போயிடுவாங்க," என்றான் கிளைவ். அம்மா ஏதோ கேட்டிருக்க வேண்டும். "நாளைக்கப்புறம் இவங்க யாரும் இந்தப் பக்கம் வரமாட்டாங்க. அவகிட்ட சொல்லிட்டேன்."

இதைப் பார்க்கத்தானே எட்னா வந்தாள். இவ்வளவு பெரிய மேட்டில் தோள் வலிக்கத் தள்ளிக்கொண்டு வந்ததே இதற்குத்தான்.

"என்னடி சொன்னான்?" என்றாள் பெர்த்தா.

"என்ன சொன்னான் எட்னா?" லேஸ் முக்காட்டுக்குள்ளிருந்து வின்னியும் கேட்டாள்.

எட்னா வாயைத் திறந்தாள். அந்த வார்த்தைகள் அவள் வாயிலிருந்து வந்தால் அவளே இட்டுக்கட்டியது மாதிரி இருக்கும். இத்தனை மாதம் மனதுக்குள் ஆசைப்பட்டுக் காத்திருந்தவை அதே வார்த்தைகள்தான்.

"ஷூ போட்டுட்டு வரேங்கறான்," என்றாள்.

பெண்கள் ஆரவாரம் செய்தார்கள். காத்திருந்தார்கள். ஒரு பாட்டு முடிந்து இன்னொரு பாட்டு வந்தது. ஜன்னல் திரை இழுக்கப்பட்டது. மூன்றாவது பாட்டைப் பாதியில் யாரும் சொல்லாமலே நிறுத்திவிட்டார்கள்.

"என்ன ஷூடி அது," என்றாள் பெர்த்தா மெதுவாக. "மாட்டை உரிச்சுத் தைக்கிறானா?"

வின்னி சொன்னாள்: "இது லேஸ் எட்னா. ஓட்டை ஓட்டையா இருக்கும். அவன் பேசினதை நானும் பாத்தேன்."

"அப்புறம் ஏன் என்கிட்ட கேட்டே?"

"நீ என்ன சொல்றேன்னு பாக்கத்தான். கூப்பிட்டுக்கிட்டு வந்தது நீ. காட்டணும்னு வந்தே. காட்டிட்டுப் போயேன். பொய் எதுக்கு? எல்லாரும் முட்டாள் மாதிரி நிக்கறதுக்கா?"

எட்னா கட்டை அவிழ்க்கக் கை நீட்டினாள்.

"நீ தொடாதே. பெர்த்தாக்கா, நீங்க அவுங்க."

பெர்த்தா அவிழ்த்தாள். வின்னி இறங்கி, முக்காட்டைக் கழற்றிக் கூடையில் போட்டுவிட்டு, காகிதப்பூக்களோடும் மூத்திரச் சட்டியோடும் வாசற்படி ஏறி மணியை அடித்தாள். கிளைவ்தான் கதவைத் திறந்தான். வின்னியின் முதுகுதான் இவர்களுக்குத் தெரிந்தது. அவள் என்ன சொன்னாளோ, யாருக்கும் தெரியாது. அவன் முகம் மட்டும் தெரிந்தது.

"உனக்குத்தானே தெரியும், சொல்லுடி," என்று பெர்த்தா எட்னாவின் முழங்கையை இடித்தாள். "இந்தத் தடவை இருக்கறதைச் சொல்லு."

எட்னா பார்த்துப் பார்த்துச் சொன்னாள். அவள் குரல் பள்ளிக்கூடத்தில் பாடம் ஒப்பிப்பதுபோல் இருந்தது.

"பின்வாசல் வழியா வந்திருக்கலாமேங்கறான்."

பெண்களில் ஒருத்தி காறித் துப்பினாள்.

"நாளைக்குப் பேசிக்கலாங்கறான். ஏன், கல்யாணம் ஏன் வேண்டாம்னு கேக்கறான்." கொஞ்ச நேரம் வின்னி பேசினாள் போல. "மான்செஸ்டரா? அங்க என்ன இருக்குங்கறான். பஸ்ஸாங்கறான்."

 எட்னாவை மீறி அவள் உதட்டில் சிரிப்பு வந்துவிட்டது. மான்செஸ்டர், இரண்டு கட்டில். அப்பாவின் சளியை யாராவது பார்த்துக்கொள்வார்கள். திங்கட்கிழமையே கிளம்பலாம்.

"யாரோடங்கறான்," என்றாள்.

வாசற்படியில் வின்னி பதில் சொன்னாள். கிளைவ் ஒரு நிமிஷம் வின்னியின் தோளுக்கு மேலாகக் கூட்டத்தைப் பார்த்தான். பிறகு அவன் உதடு அசைந்தது.

எட்னா கூடையின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டாள்.

"என்னடி? யாரோடயாம்?"

"தனியாவாங்கறான்," என்றாள் எட்னா.

பெண்கள் எல்லாரும் ஒரே சமயத்தில் அவளைப் பார்த்தார்கள். பெர்த்தா மட்டும் கூடையின் சக்கரத்தில் சிக்கியிருந்த காகிதப்பூவை எடுப்பதற்காகக் குனிந்துகொண்டாள்.

வின்னி மூத்திரச் சட்டியை வாசற்படியிலேயே, பால்புட்டிகளுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு இறங்கி வந்தாள்.

"ஏறிக்கோடி, இறக்கந்தான்," என்றாள் பெர்த்தா.

"நடந்தே வரேன்க்கா," என்றாள் வின்னி. வாயை நன்றாகத் திறந்து, பல்லெல்லாம் தெரியச் சொன்னாள். பழைய வாய். தறிக்கூடத்தின் எந்த மூலையிலிருந்தும் படிக்கக்கூடிய வாய். ஆனால் அந்த முகம் எட்னா பக்கம் திரும்பவில்லை.

மேட்டிலிருந்து இறங்கும்போது பெண்கள் வின்னியைச் சுற்றிக்கொண்டு போனார்கள். காலிக் கூடையைப் பிடித்துக்கொண்டு எட்னா பின்னால் வந்தாள். முன்னே போகிறவர்களின் முதுகு மட்டுமே தெரிந்ததால் அவர்கள் பேசுவது எதையும் அவளால் படிக்க முடியவில்லை. மான்செஸ்டரில் யாராவது ஒரு கண்டக்டர் பெண் இருப்பாள், வாடகையில் பாதி தர ஆள் தேடிக்கொண்டிருப்பாள், வின்னியோடு ராத்திரி விளக்கை அணைத்த பிறகும் பேசிக்கொண்டிருக்கப் போகிறவள். ஜன்னலோரக் கட்டில் அவளுக்கா வின்னிக்கா என்று எட்னா யோசித்தாள். பெயர்கூடத் தெரியாத அந்தப் பெண்ணை அவளுக்கு இப்போதே பிடிக்கவில்லை.