சிரிக்கக் கூடாத வாட்டு

இரண்டாம் உலகச் சண்டைக்காலம். அரிசி கூப்பனுக்கு வந்துவிட்டிருந்தது. என் மூத்த மகனுக்குப் பல் முளைக்கத் தொடங்கிய நாட்களில் எனக்குப் பின்னேரக் காய்ச்சல் பிடித்துக்கொண்டது. பிள்ளை பெற்ற மெலிவு என்று முதலில் சொன்னார்கள். பிறகு தெல்லிப்பழையில் ஒரு டொக்டர் என் நெஞ்சில் குழாயை வைத்துக் கேட்டார். என்னிடம் ஒன்றும் சொல்லாமல் என் அண்ணனை வெளியே கூப்பிட்டார். அண்ணன் திரும்பி வந்ததும் செய்த முதல் வேலை, என் மடியிலிருந்த பிள்ளையைத் தூக்கிக்கொண்டதுதான். எனக்கு விளங்கிவிட்டது. கசம். நுரையீரலை அரிக்கும் அந்த நோயின் பெயரை எங்கள் ஊரில் யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை.

கச ஆசுபத்திரி கடலைப் பார்த்தபடி தனியாக இருந்தது. அண்ணன் என்னைப் பெண்கள் வாட்டின் வாசலில் விட்டுவிட்டு, வேட்டி நுனியால் முகத்தைத் துடைத்துக்கொண்டு போனார். உள்ளே கால் வைத்தபோது எனக்குக் கேட்டது அழுகையல்ல. யாரோ வயிறு குலுங்கச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். செத்த வீட்டில் பறை நின்றபின் ஒருத்தி சிரித்தால் எப்படி இருக்கும், அப்படி இருந்தது.

சிரித்தவர் என் பக்கத்துக் கட்டில். குருநகர்ப் பெண், மீன்பிடிக்கிறவரின் மனைவி, என்னைவிடப் பத்து வயதாவது மூத்தவர். ஊரில் என்றால் அவரைப் போன்ற ஒருவர் மீன் கடகத்தோடு எங்கள் வளவின் பின்வாசல் படலை வரைக்கும்தான் வருவார். இங்கே கைநீட்டினால் தொடும் தூரத்தில் கிடந்தோம். இரண்டாம் நாளே அவரை அக்கா என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டேன்.

அங்கே எங்களுக்கு இருந்த மருந்து ஓய்வுதான். கதைக்கக்கூடாது, எழும்பி நடக்கக்கூடாது, சிரிக்கவும் கூடாது. சிலருக்கு விலா எலும்புகளுக்கிடையே ஊசி ஏற்றி, காற்றுச் செலுத்தி, பழுதுபட்ட நுரையீரலைச் சுருங்க வைப்பார்கள். முதல் தடவை அக்காவை அதற்குக் கொண்டுபோய்த் திருப்பிக் கொண்டுவந்தபோது அவருடைய உதடு நீலமாயிருந்தது. நான் பயந்து அவரையே பார்த்தேன்.

"என்ன பிள்ளை உப்பிடிப் பாக்கிறாய்?" என்றார் மூச்சு வாங்க. "நல்லாக் காத்தடிச்சு விட்டிருக்கினம். இனி என்ரை மனுசன் வலைக்கு மிதவை வாங்கத் தேவையில்லை. என்னைக் கட்டி விட்டாச் சரி."

வாட்டு முழுதும் சிரித்தது. அக்காவும் சிரித்தார். சிரிப்பு இருமலாக மாறியது. இருமல் நின்றதும் வாயைத் துடைத்த துணியை அவர் சட்டென்று உட்புறமாக மடித்தார். மற்றவர்களுக்குத் தெரியாது. பக்கத்தில் கிடந்த எனக்கு அதன் நிறம் தெரிந்தது.

தாதி அவரைப் பலமுறை கண்டித்தார். "சிரிச்சா உங்களுக்குத்தான் கூடாது."

"சிரிக்காமல் கிடந்த ஆக்கள் எல்லாம் எங்கை, மிஸ்ஸி?" என்று அக்கா கேட்டார். தாதி அடுத்த கட்டிலுக்குப் போய்ப் போர்வையை உதறி மடித்தார்.

கேள்வி எங்கே போய் நிற்கிறது என்று எல்லோருக்கும் தெரியும். வாட்டின் கோடியில், கதவோரமாக, ஒரு கட்டில் இருந்தது. தாதியின் மேசைக்கு அருகில் என்பதால் நோய் முற்றியவர்களை அங்கே மாற்றுவார்கள். நான் வந்த பிறகு அதில் படுத்தவர்களில் ஒருவரும் திரும்பித் தம் பழைய கட்டிலுக்கு வரவில்லை. அது வெறுமையாகக் கிடக்கும் நாட்களில்தான் எங்களுக்குப் பயம் கூட. அடுத்தது யார் என்று ஒவ்வொருவரும் மற்றவரின் முகத்தைப் பார்ப்போம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மாமி என்னைப் பார்க்க வந்தார். உள்ளே வரவில்லை. முற்றத்து வேம்பின் கீழ் நின்று, சேலைத் தலைப்பால் மூக்கைப் பொத்திக்கொண்டு, "பிள்ளை, சாப்பிட்டியோ?" என்று சத்தம் போட்டார். எனக்குச் சத்தம் போட அனுமதியில்லை. தலையை ஆட்டினேன். அவருக்குத் தெரியவில்லை. மறுபடியும் கேட்டார். மறுபடியும் ஆட்டினேன். "ஐயோ, பிள்ளையை ஊமையாக்கிப்போட்டாங்கள்!" என்று தலையிலடித்து அழுதுகொண்டு போய்விட்டார். அன்று முழுவதும் நான் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தேன்.

அந்த வாரத்திலேயே, பால் குடித்துக்கொண்டிருந்தபோது, தொண்டையில் சூடாக ஏதோ பொங்கியது. பேணியில் இருந்த வெள்ளைப் பால் சிவந்ததைப் பார்த்தது நினைவிருக்கிறது. பிறகு ஓடிவந்த காலடிகள், நெஞ்சில் ஐஸ் மூட்டை. கண் விழித்தபோது கதவோரக் கட்டிலில் கிடந்தேன்.

எல்லோரும் மேற்கூரையைப் பார்த்துக் கிடந்தார்கள். நான் என் மகனை நினைத்தேன். அவனுக்கு என் முகம் நினைவில் நிற்கப் போவதில்லை என்று நினைத்தேன். அப்போது மறு கோடியிலிருந்து அக்காவின் குரல் வந்தது.

"பிள்ளைக்கு வந்த யோகத்தைப் பாருங்கோ. எங்களை மூண்டாம் வகுப்புப் பெட்டியிலை விட்டிட்டு முதலாம் வகுப்பிலை ஏறியிட்டாள்."

ஒருவரும் சிரிக்கவில்லை. அவர் விடவில்லை.

"காத்தும் வரும், கூப்பிடாமல் மிஸ்ஸியும் வருவா. ஆனா பிள்ளை, டிக்கற் பாக்க வாறவன் கேட்டா, கொக்குவில் வரைக்கும்தான், தூரப் பயணமில்லை எண்டு சொல்லு. கட்டாயம் இறங்கிப்போடு."

எனக்குச் சிரிப்பு வந்தது. சிரித்தால் செத்துவிடுவேன் என்ற பயமும் வந்தது. உதட்டைக் கடித்துக்கொண்டேன். கண்ணீர்தான் வழிந்தது. ஆனால் அதற்குப் பிறகு நித்திரை கொண்டேன். இரத்தம் மறுபடி வரவில்லை. சில வாரங்களில் என்னைப் பழைய கட்டிலுக்கு மாற்றினார்கள். அது நடக்கக்கூடியது என்பதை வாட்டு அன்றுதான் கண்டது.

நான் திரும்பிவந்த கொஞ்சநாளில் அக்காவின் கணவர் வந்தார். கறுத்து இறுகிய உடம்பு, எதையும் மறைக்கத் தெரியாத முகம். கட்டிலருகே குந்தியிருந்து மெதுவாகச் சொன்னார்.

"சின்னவளுக்கு இருமல். ரெண்டு கிழமையாய் விடுகுதில்லை."

கணவர் போனபின் அக்கா போர்வையைக் கழுத்துவரை இழுத்துக்கொண்டார். அன்றிலிருந்து அவர் வாயிலிருந்து ஒரு பகிடி வரவில்லை. சாப்பாடு தொடாமலே திரும்பியது. தாதி வந்து, "இப்பதான் நல்ல பிள்ளையாய் அமைதியாய் இருக்கிறியள்" என்று சொல்லிவிட்டு, அக்காவின் முகத்தைப் பார்த்ததும் நாடி பிடித்துப் பார்த்தார். கடல் இரைவது அதுவரை எனக்கு இவ்வளவு கிட்டக் கேட்டதில்லை. மகளுக்குத் தானே இதைக் கொடுத்துவிட்டேன் என்று அவர் நினைப்பது எனக்குத் தெரிந்தது. என் மகனை நினைத்து நானும் அதையே நினைத்திருந்தேன்.

எனக்குப் பகிடி சொல்ல வராது. ஆனால் அந்த அமைதியைத் தாங்க முடியவில்லை. "அக்கா, எங்கடை மாமி வந்த கதை தெரியுமே?" என்று தொடங்கினேன். வேம்பின் கீழ் மாமி நின்ற நிலையை, தலைப்பை மூக்கில் பொத்திக் காட்டினேன். அவருடைய கத்தலை இரகசியக் குரலில் கத்தினேன். தஞ்சாவூர்ப் பொம்மைபோல் தலையாட்டினேன்.

"இப்ப ஊரெல்லாம் நான் ஊமை. போகலாம் எண்டு துண்டு தந்து வீட்டை அனுப்பினாலும் வாய் திறக்கேலாது. திறந்தா மாமி பேய் எண்டு ஓடியிடுவா."

அக்காவின் போர்வை குலுங்கியது. அழுகிறார் என்று பதறினேன். "நல்ல காலம் உனக்கு நோய் நெஞ்சிலை," என்றார். "கழுத்திலை வந்திருந்தா மாமிக்குத் தலையாட்டவும் ஏலாது." சொல்லிவிட்டுச் சிரித்தார். இருமினார். வெகுநேரம் இருமினார். துணியை மடிக்கவும் அவருக்குக் கை எழவில்லை. நான் போட்ட கூப்பாட்டில் தாதி ஓடிவந்தார். நான் அவரைக் கொன்றுவிட்டேன் என்றே நினைத்தேன்.

அன்று அவர் சாகவில்லை. மகளை டொக்டரிடம் காட்டி, அது கசமல்ல, வெறும் குக்கல் இருமல்தான் என்று கணவர் வந்து சொன்ன நாளில், அக்கா எழும்பியிருந்து ஒரு முழு முட்டை சாப்பிட்டார். பங்குனியில் என்னை வீட்டுக்கு விட்டார்கள். அக்கா மாரிமழை தொடங்கியதும் கண்ணை மூடிவிட்டார். அண்ணன் விசாரித்துவந்து சொன்னார்.

வீட்டில் மகன் என்னைக் கண்டு அழுதான். கிட்ட வரக் கனநாள் எடுத்தது. என் கோப்பையும் பேணியும் பல வருடம் தனியாகவே இருந்தன.

சண்டை முடிந்து பல வருடங்களுக்குப் பிறகு ஒருநாள், சாவகச்சேரிச் சந்தையில் அக்காவின் கணவரைக் கண்டேன். நரைத்துப்போயிருந்தார். பக்கத்தில் ஓர் இளம்பெண் மீனுக்கு ஈ விரட்டிக்கொண்டிருந்தாள். "இவதான் சின்னவள்," என்றார். அவளிடம் நான் யாரென்று சொன்னார்.

அவள் கேட்டாள்: "ஆசுபத்திரியிலை அம்மா பயந்தவவோ?"

பொய் சொல்ல நினைத்தேன். முடியவில்லை.

"ஓம் பிள்ளை. ஒரே ஒருக்கா. உனக்கு இருமல் எண்டு கேள்விப்பட்ட நேரம்."

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். தகப்பன் தராசை எடுத்து, தேவையில்லாமல் துடைக்கத் தொடங்கினார். பிறகு அவள் நிமிர்ந்து, பாரை மீனில் நல்லதாக ஒன்றைத் தெரிந்தெடுத்து என் கூடையில் போட்டாள்.