எலிக்கு ஒரு கூண்டு

தோழி ஊரை விட்டுப் போகும்போது கொடுத்த இரண்டு வெள்ளை எலிகள் நேற்றிலிருந்து என் கட்டிலுக்கடியில், செருப்புப் பெட்டியில் இருக்கின்றன. அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை. இன்று காலை பார்த்தால் பெட்டியின் ஒரு மூலையைக் காணோம்.

வேலை முடிந்து வரும் வழியில் அரியாங்குப்பத்தில் ஒரு ஹார்டுவேர் கடையில் தயங்கித் தயங்கிக் கேட்டேன். "அண்ணே, எலிக்கு ஒரு கூண்டு வேணும்."

கடைக்காரர் கம்பி போட்ட எலிப்பொறியை எடுத்து வைத்தார்.

"புடிக்கறதுக்கு இல்லண்ணே. வளக்கறதுக்கு."

"எலியவா? எங்க வூட்ல இருக்கறதையும் புடிச்சுத் தரேன், சேத்து வளம்மா."

கடையில் இருந்த எல்லோரும் சிரித்தார்கள். இன்னொரு கடை ஏறத் தெம்பில்லை. அந்தப் பொறியையே வாங்கி வந்தேன்.

பழைய துணி விரித்து, இரண்டையும் உள்ளே விட்டுக் கதவை மூடினேன். முகம் கழுவிவிட்டு வந்தால், கூண்டுக்கு முன்னால் அம்மா.

"வாங்கியாந்த உடனே ரெண்டு மாட்டிக்கிச்சே! மாவு டப்பாவுல பொரண்டு எப்பிடி வெளுத்திருக்குதுங்க பாரு. கெட்டிக்காரிடி நீ. போ, வாளித் தண்ணியில முக்கிட்டு வா."

நான் பட்டம் வாங்கிய அன்றுகூட அம்மா என்னை இவ்வளவு பெருமையாகப் பார்த்ததில்லை.

கூண்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். "இது நம்ம எலிம்மா" என்பதை எப்படி ஆரம்பிப்பது? தெரிந்தவர்கள் சொல்லுங்கள். அம்மா வாளியை நிரப்பிக்கொண்டிருக்கிறாள்.