பார்க்காத ஏரி

என் அக்காவுக்கு இரண்டு இங்கிலீஷ் உண்டு. ஒன்று ஆஸ்பத்திரி இங்கிலீஷ். டயாலிசிஸ் வார்டில் ஷிஃப்ட் முடியும்போது, அடுத்து வரும் நர்ஸிடம் ஒவ்வொரு நோயாளியைப் பற்றியும் சொல்லி ஒப்படைக்க வேண்டும். ஹேண்டோவர் என்பார்கள். அதில் அவளை அடித்துக்கொள்ள ஆளே கிடையாது. மடமடவென்று சொல்லிவிட்டுக் கைப்பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவாள். இன்னொன்று பரீட்சை இங்கிலீஷ். அதுதான் எங்கள் உயிரை வாங்கியது.

அத்தான் வெளிநாட்டில் ஒரு கிடங்கில் வேலை பார்க்கிறார். போய் நாலு வருஷமாகிறது. அவர் இருக்கும் ஊரிலேயே ஒரு ஆஸ்பத்திரி அக்காவுக்கு வேலை தரத் தயாராக இருந்தது. இங்கிலீஷ் பேசும் பரீட்சையில் தேறினால் போதும், கிளம்பிவிடலாம். அதில்தான் இரண்டு தடவை கோட்டை விட்டிருந்தாள். இந்தத் தடவையும் போனால் வேறு ஆளை எடுத்துக்கொள்வோம் என்று அந்த ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். அவர்களைச் சொல்லியும் குற்றமில்லை, எத்தனை நாள்தான் காத்திருப்பார்கள்.

பரீட்சையில் ஒரு அட்டையைக் கொடுப்பார்கள். ஏதாவது ஒரு இடத்தை இரண்டு நிமிஷம் வர்ணிக்க வேண்டும். நகரமோ கிராமமோ தெருவோ, எதுவும் வரலாம். செல்போன் கடைக்கு மேலே கோச்சிங் நடத்தும் மாஸ்டர் இதற்கென்றே வார்த்தைகளை வைத்திருந்தார். நகரம் என்றால் பஸ்லிங், வைப்ரன்ட், அதாவது பரபரப்பு, துடிப்பு. கிராமம் என்றால் ட்ரான்குவில், அதாவது பேரமைதி. மலையோ ஆறோ வந்துவிட்டால் பிக்சரெஸ்க், ஓவியம் மாதிரி இருக்கிறது என்று அர்த்தம். பெரிய ஊர், நல்ல ஊர் என்று மட்டும் வாயைத் திறக்கக் கூடாது. அதற்கெல்லாம் மார்க் கிடையாதாம்.

நான் வீட்டில் திரைச்சீலை தைத்துக் கொடுக்கிறவள். மெஷினை நிறுத்திவிட்டு, கடிகாரத்தை முன்னால் வைத்துக்கொண்டு, பரீட்சை அதிகாரி மாதிரி உட்கார வேண்டியது என் தலையெழுத்து. நீ வசிக்கும் தெருவைப் பற்றிச் சொல் என்பேன். அக்கா ஜன்னல் வழியாக எட்டிப் பார்ப்பாள். எதிரே ஐஸ் ஃபேக்டரி. அதன் வாசலில் எப்போதும் தண்ணீர் ஓடிக்கொண்டிருக்கும். பக்கத்தில் பஞ்சர் கடை, பழைய டயர் அடுக்கு. ஒரு லாரி வந்துவிட்டால் எதிரே வரும் லாரி பின்வாங்கியாக வேண்டும்.

"இதுல எதுடி பிக்சரெஸ்க்?" என்று கேட்பாள்.

"ஏதோ ஒண்ணச் சொல்லித் தொலையேன்க்கா. யாரு வந்து பாக்கப் போறா?"

சொல்ல மாட்டாள். வார்டில் அவளுக்கு ஒரு பிடிவாதம் உண்டு. கண்ணால் பார்க்காததைச் சொல்லவோ எழுதவோ கூடாது. ஒரு புது நர்ஸ், எட்டிக்கூடப் பார்க்காமல், நோயாளி நன்றாகத் தூங்கினார் என்று எழுதிவிட்டாளாம். அக்கா அந்தப் பெண்ணைக் கையோடு கூட்டிக்கொண்டு போய், விடிய விடிய விழித்திருந்த அந்த மனிதரின் முன்னால் நிறுத்தியிருக்கிறாள். வார்டுக்கு அது சரி. பரீட்சைக்குமா? எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

முதல் தடவை இதே தெருவைக் கேட்டார்கள். ஐஸ் ஃபேக்டரி இருக்கிறது, தரை ஈரமாக இருக்கிறது, லாரி வருகிறது என்று நாலு வாக்கியத்தில் முடித்துவிட்டு, ஹேண்டோவர் கொடுத்த மாதிரி எழுந்திருக்கப் பார்த்தாளாம். இரண்டாவது தடவைக்கு மாஸ்டர் ஒரு ஏரியை உருட்டித் தந்தார். காலைப் பனி, படகுகள், கரையெல்லாம் பூ. எந்த இடத்தைக் கேட்டாலும் சுற்றி வளைத்து அந்த ஏரிக்கரைக்கு வந்துவிட வேண்டும். அக்கா எனக்காகப் பல்லைக் கடித்துக்கொண்டு மனப்பாடம் செய்தாள். பரீட்சையில் ஒப்பித்தும் விட்டாள். எதிரே இருந்த அம்மாள் கடைசியில், அந்தப் படகில் போயிருக்கிறீர்களா என்று கேட்டிருக்கிறார். ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் என்ன? "இல்லை மேடம், இந்த ஏரியை நான் பார்த்ததே இல்லை" என்றாளாம் என் அக்கா. காலையிலிருந்து வந்தவர்கள் எல்லாரும் இதே ஏரியைத்தான் சொன்னார்கள் என்று அந்த அம்மாள் சிரித்தாராம். மாஸ்டர் ஊருக்கே ஒரே ஏரியை விற்றிருக்கிறார்.

மூன்றாவது தடவைக்கு நான் ஒரு வழி கண்டுபிடித்தேன். அத்தான் இருக்கும் ஊரையே சொன்னால் என்ன? அவள் பார்க்கவில்லைதான். ஆனால் அவர் தினமும் பார்க்கிறாரே. அவர் வாயால் கேட்டுவிட்டால் இவள் மனசு ஒப்புக்கொள்ளும். சரி என்றாள். ஞாயிற்றுக்கிழமை காலையில் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தோம்.

ஊர் எப்படி என்றோம். நல்லா இருக்கு என்றார். ரோடு? நல்லா இருக்கு. வீடு? அதுவும் நல்லா இருக்கு. பூங்காவில் நின்று எடுத்த போட்டோதான் அனுப்பியிருக்கிறேனே என்றார். நாலு வருஷமாக இந்த ஒரே வார்த்தையில் குடும்பம் நடத்துகிறார் மனிதர். இங்கே ஒருத்தி கை நிறைய வார்த்தையை வைத்துக்கொண்டு சொல்ல ஊர் இல்லாமல் தவிக்கிறாள், அங்கே ஒருத்தர் ஊரையே வைத்துக்கொண்டு வாயைத் திறக்க மாட்டேன் என்கிறார். நான் கத்திவிடுவேன் என்று தெரிந்து அக்கா என் கையைப் பிடித்தாள்.

"ஊர விடுங்க. உங்க ரூம் ஜன்னல்ல என்ன தெரியுது, அத மட்டும் சொல்லுங்க."

வேலைக்கு நேரமாகிறது என்று மழுப்பினார். ஞாயிற்றுக்கிழமை என்ன வேலை என்று நான் பிடித்துக்கொண்டேன். அப்புறம்தான் சொன்னார்.

"காலு தெரியுது."

"என்ன காலு?"

"நடந்து போறவங்க காலு. ரூம் தரைக்குக் கீழ இருக்கு. ஜன்னல் மேல ஓரமா இருக்கு. மழைன்னா பூட்ஸ் போகும், வெயில்னா சாதா ஷூ. அவ்வளவுதான்."

பூங்கா அங்கிருந்து பஸ்ஸில் போகிற தூரமாம். போட்டோ எடுப்பதற்காகப் போனாராம். இதைச் சொன்னால் அவள் வர மாட்டாள் என்று பயந்ததாக என்னிடம் சொல்கிற மாதிரி அவளிடம் சொன்னார். எனக்கு அவரைத் திட்ட வாய் வரவில்லை. அக்கா போனை வாங்கிக்கொண்டாள். சுவரில் ஈரம் இருக்கிறதா, இருமல் உண்டா, முழுதாகச் சாப்பிடுகிறீர்களா, எந்தப் பக்கம் ஒருக்களித்துப் படுக்கிறீர்கள், ஹீட்டர் போடுகிறீர்களா என்று ஒவ்வொன்றாகக் கேட்டாள். அவர் ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னார். அவர் போனதிலிருந்து அவர்கள் அவ்வளவு நேரம் பேசி நான் பார்த்ததில்லை.

பரீட்சையில் வந்த அட்டை, நீ போய் வாழ விரும்பும் ஒரு இடம். பஸ்ஸில் வீட்டுக்கு வரும்போது அக்கா சொன்னதைக் கேட்டு எனக்கு அங்கேயே இறங்கிவிடலாம் போலிருந்தது. அவள் ஹேண்டோவர் கொடுத்திருக்கிறாள். தரைக்குக் கீழே ஒரு அறை. ஒரு ஜன்னல், வெளிச்சம் குறைவு. இடது சுவரில் ஈரம், கவனிக்க வேண்டும். ஒரே ஒரு ஆள், நடமாட்டம் சரியாக இருக்கிறது, காலையில் இருமல், சாப்பாடு பாதிதான். இப்படியே இரண்டு நிமிஷமும் நிறுத்தாமல் பேசியிருக்கிறாள்.

அப்படிப்பட்ட இடத்துக்கு ஏன் போக விரும்புகிறீர்கள் என்று கேட்டாராம் அதிகாரி. என் கணவர் அங்கே இருக்கிறார் என்றாளாம்.

கேட்டதும் எனக்கு இருந்த கோபம் இறங்கிவிட்டது, ஆனால் மார்க் போடுகிறவர்களுக்கு இதெல்லாம் கணக்கில்லை. ரிசல்ட்டில் அரை மார்க் குறைந்துவிட்டது. சரளமாகப் பேசியதற்கு இதுவரை வாங்காத மார்க் வாங்கியிருந்தாள். வார்த்தை வளத்தில் கவிழ்த்துவிட்டார்கள். ஒரே ஒரு பிக்சரெஸ்க் போதுமே சிஸ்டர் என்று மாஸ்டர் தலையில் அடித்துக்கொண்டார். "அந்த ரூம்ல அத எங்க போடறது மாஸ்டர்?" என்று கேட்டுவிட்டு அக்கா படியிறங்கினாள். மறுநாளே ஆஸ்பத்திரியிலிருந்தும் தகவல் வந்துவிட்டது. அந்த இடத்துக்கு வேறு ஆள்.

அத்தானுக்கு நான்தான் விஷயத்தைச் சொன்னேன். அக்கா வார்டிலிருந்து வந்ததும் அவரே கூப்பிட்டார். அவள் ஒரு துளிக் கண்ணீர் விடவில்லை. முகம் கழுவி, தலை வாரி, ஜன்னலருகே நின்றுகொண்டு போனை எடுத்தாள். எப்படி இருக்கே என்று கேட்டார்.

"நல்லா இருக்கேன்" என்றாள்.

அந்த ஏரியைக்கூடப் பார்த்ததில்லை என்று ஒப்புக்கொண்ட என் அக்கா சொன்ன முதல் பொய் அது. எனக்கு வந்த ஆத்திரத்தில் மெஷின் ஊசியை உடைத்துவிட்டேன். அந்தப் பக்கம் அத்தான் விடவில்லை.

"அது கிடக்கட்டும்மா. ஜன்னல்ல என்ன தெரியுது, அதச் சொல்லு."

அக்கா வெளியே பார்த்தாள். ஐஸ் ஃபேக்டரி வாசலில் ஒரு லாரி நின்றுகொண்டிருந்தது. லாரி என்று ஆரம்பித்தாள். அதற்கு மேல் வரவில்லை, வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். அவர் போனை வைக்காமல் காத்திருந்தார்.