எட்டு நாள் ஆப்சென்ட்

காலை ஒன்பதரை மணி அடித்து இரண்டு நிமிடம். முதலில் கண்ணில் பட்டது, மாடிப்படியில் தனியாகக் கிடந்த ஒரு ரப்பர் செருப்பு. எழுபதுகளின் நடுவில், அரியலூர்க் கல்லூரியில் நான் புகுமுக வகுப்பில் சேர்ந்து எட்டாவது நாள்.

செருப்புக்கு உரியவன் இரண்டு படி மேலே உட்கார்ந்திருந்தான். குன்னம் பக்கத்திலிருந்து வரும் என் வகுப்பு மாணவன். போலியோவில் இடது கால் சூம்பிப்போனவன். சமதரையில் முழங்காலைக் கையால் அழுத்தியபடி நடந்துவிடுவான். மாடிப்படிக்குக் கைப்பிடி கிடையாது. அதனால் மேற்படிகளுக்கு முதுகு காட்டி உட்கார்ந்து, ஒவ்வொரு படியாக உந்தி ஏறுவான். கூட்டம் ஏறி முடியும்வரை ஓரமாகக் காத்திருப்பான். அவன் மேலே போய்ச் சேர்வதற்குள் வருகைப் பதிவு முடிந்திருக்கும்.

நானும் இன்னொருவனும் அவனிடம் ஒரு வார்த்தைகூடக் கேட்கவில்லை. ஆளுக்கொரு பக்கம் பிடித்துத் தூக்கிக்கொண்டு போனோம்.

"மாப்பிள்ள வந்துட்டாரு. மாலை எங்கடா?" என்று கடைசி பெஞ்சிலிருந்து ஒரு குரல். வகுப்பே சிரித்தது. பதிவேடு மூடப்பட்டிருந்தது. அன்று மூன்று பேருக்குமே ஆப்சென்ட்.

வகுப்பு முடிந்து மணி அடித்ததும் அவன் என்னிடம் கேட்டான்: "நாளைக்கு உனக்குக் காய்ச்சல் வந்தா நான் காலேஜுக்கு லீவாப்பா?"



"முன்னாடியே வரலாம்ல?" என்றேன்.

"எங்க ஊர்லேர்ந்து காலைல ஒரே பஸ்ஸு. ஒன்பது இருபதுக்குத்தான் இங்க வருது. சார்கிட்ட சொல்லிட்டேன். எல்லாருக்கும் ஒரே ரூல்னுட்டாரு. பத்து நாள் தொடர்ந்து ஆப்சென்ட்னா பேரை அடிச்சிருவாங்களாம். இன்னியோட எட்டு. என்னைத் தூக்க வேணாம். கிளாஸைக் கீழ இறக்க முடியுமான்னு கேப்போம், வா."

மதியம் முதல்வர் அறைக்குப் போனோம். கீழே ஓர் அறை பூட்டிக் கிடந்தது.

"அதுல உடைஞ்ச பெஞ்சா கெடக்கு. காலி பண்ண ஆள் இல்லப்பா" என்றார் முதல்வர்.

"எங்க கிளாஸ்ல எண்பது பேர் இருக்கோம் சார்" என்றான் அவன்.

முதல்வர் சாவியை எடுத்துக் கொடுத்தார்.

எண்பது பேர் வரவில்லை. பதினோரு பேர் வந்தோம். மாலை கேட்டவனும் வந்தான். இரண்டு சாயங்காலம் வேலை. உடைந்த பெஞ்சுகளைக் கொட்டகைக்கு மாற்றினோம், நல்லவற்றை மாடியிலிருந்து இறக்கினோம். கரும்பலகை வெளுத்துப்போயிருந்தது. அவன் ஊமத்தை இலையையும் அடுப்புக்கரியையும் அரைத்து, தரையில் சாய்த்து வைத்த பலகையில் பூசினான்.

"நல்லா பூசு மாப்பிள்ள, கல்யாண வூடு மாதிரி இருக்கணும்" என்றான் மாலை கேட்டவன்.

"வாயால பூச முடியாது. நீ போய் இன்னும் கரி கொண்டா" என்றான் அவன். ஐந்தரை மணி பஸ்ஸுக்குக் கை கழுவாமலே போனான்.

வேலை பாதியில் இருந்த ஒன்பதாம் நாள் காலையும் வகுப்பு மாடியில்தான். உட்கார்ந்தே ஏறினான். ஆப்சென்ட்.

பத்தாம் நாள் வகுப்பு கீழே. ஒன்பதரை மணி அடித்தபோது அவன் இரண்டாவது பெஞ்சில் இருந்தான். வகுப்பு இடம் மாறிய சுற்றறிக்கையைப் படித்ததாகக் கையெழுத்துப் போட்டிருந்த, 'எல்லாருக்கும் ஒரே ரூல்' என்ற அதே விரிவுரையாளர், பழக்கத்தில் நேராக மாடிக்கு ஏறிப் போய்விட்டார். ஒன்பது நாற்பதுக்கு இறங்கி வந்து, பதிவேட்டைத் திறந்து, எண்களை வரிசையாக அழைத்தார். அவன் எண்ணான இருபத்தேழுக்கு "எஸ் சார்" என்று பதில் வந்தது.

அன்று தாமதமாக வந்தவர் விரிவுரையாளர் ஒருவர்தான்.