யாரும் பாடாத இடம்

அந்தக் கேசட்டின் விளிம்பில் ஒரு சின்னப் பள்ளம். அதில் மடித்துத் திணித்த காகிதம் இன்னும் அப்படியே இருக்கிறது. கடையில் வாங்கும் பாட்டுக் கேசட்டின் மேல் எதையும் பதிய முடியாது. பள்ளத்தை அடைத்துவிட்டால் முடியும். அடைத்தவர் என் சித்தப்பா.

மாரிகுப்பத்தில் விடியற்காலை ரயிலேறி பெங்களூருக்கு வேலைக்குப் போன முதல் மாதச் சம்பளத்தில் நான் வாங்கியது. உலகமே தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடிய வெளிநாட்டு இசைக்குழு. எனக்குப் பைத்தியம் பிடித்ததோ இரண்டாம் பக்கத்துக் கடைசியில், ஒருத்தரும் வாய் திறக்காத பாட்டின் மேல். கிட்டார் தயங்கித் தயங்கி வரும், அடியில் பேஸ் கிட்டார் விடாமல் நடக்கும், டிரம்ஸ் சேரும்போது ரயிலில் நின்று வந்த கால்வலி போய்விடும். மற்றப் பாட்டுகளில் இங்கிலீஷ் புரியாமல் வெளியே நிற்பேன். இதில் என்னை யாரும் வெளியே நிறுத்தவில்லை.

சித்தப்பா சுரங்கத் தொழிலாளர் சங்கத்துப் பேச்சாளர். தங்கச் சுரங்கத்தை மூடப்போகிறார்கள் என்றதும், அதன் வாசலில் நின்று பேச வேண்டியதை அந்தப் பாட்டின் மேலேயே பேசிப் பதிந்துவிட்டார். கத்தினேன். "இன்னாடா கூவுற? யாரும் பாடல, காலியாத்தானே கெடந்தது?" என்றார். வீடே சிரித்தது. மிஞ்சியது பாட்டின் வால் மட்டும். இன்றைக்கு முழுப் பாட்டும் போனிலேயே கிடைக்கிறது. அதனால் வயிற்றெரிச்சல் தீர்ந்துவிடுமா?

போன வருஷம் அவருக்குத் தொண்டையில் ஆபரேஷன். குரல் போய்விட்டது. அது மிச்சமிருப்பது என் கேசட்டில் மட்டும்தான். கேட்க வேண்டுமென்று கைகூப்பிக்கொண்டு வந்தார். "வாங்க சித்தப்பா, உக்காருங்க" என்று பழைய டேப்பில் போட்டு, பேச்சை வேகமாக ஓட்டித் தள்ளி, வாலை மட்டும் கேட்க வைத்தேன். "பேச்சு நாளைக்கு" என்றேன். தினமும் சாயங்காலம் வருகிறார், தினமும் அதே பதில். சொல்லும்போது ருசியாகத்தான் இருக்கிறது. ஒருநாள் அவர் கண்ணெதிரிலேயே அந்தப் பேச்சை அழித்து, அதன் மேல் பாட்டைப் பதிய வேண்டும் என்று நினைத்திருந்தேன்.

நேற்று வால் முடிந்ததும், இன்னொரு தரம் என்று விரலைச் சுழற்றினார். போட்டேன். கண்ணை மூடி முழங்காலில் தாளம் தட்டினார்.

"உங்க பேச்சு வேணாமா?"

வேண்டாமென்று தலையாட்டினார். கேசட்டை வாங்கி, அந்தக் காகிதத்தை நகத்தால் நெம்பி எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார். இனிமேல் இதன் மேல் யாரும் எதையும் பதிய முடியாது.

அவர் தெரு திரும்பும்வரை பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு காகிதத்தைப் பழையபடி மடித்து, அதே பள்ளத்தில் திணித்தேன். இன்றைக்குச் சாயங்காலம் வரட்டும், அவர் கண்ணெதிரிலேயே பதிகிறேன்.