எல்லாப் போனுக்கும் ஒரே ஒயர்

இனிமேல் எல்லாப் போனுக்கும் சார்ஜ் போட சி டைப் பின்தான் என்ற செய்தியைப் படித்ததும் எங்கள் வீட்டில் முதலில் அறிவித்தவன் நான். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடமும் காலேஜும் போன முதல் ஆள் என்பதால் நான் சொன்னால் யாரும் மறுத்துப் பேச மாட்டார்கள். அலமாரியில் கிடந்த பழைய சார்ஜர்களையெல்லாம் அள்ளி, பழைய சாமான் எடுக்க வந்தவரிடம் போட்டேன். ஒரு பிளாஸ்டிக் மக் கொடுத்தார். இலுப்பூரில் நல்லதாக ஒரே ஒரு ஒயர் வாங்கி வந்து சுவரில் மாட்டினேன்.

அண்ணி போனின் பின்னை மட்டும் நான் பார்க்கவில்லை.

அண்ணி பத்தாவது படித்து எங்கள் வீட்டுக்கு மருமகளாக வந்தவர். நூறு நாள் வேலையில் பொறுப்பாளர். வேலைக்கு வந்தவர்களைக் காலையில் ஒரு தடவை, மதியம் ஒரு தடவை அவர் போனில் படம் எடுத்து அரசாங்கச் செயலியில் ஏற்ற வேண்டும். வேறு போனில் முடியாது. இரண்டாவது படம் ஏறவில்லை என்றால் அன்றைக்கு அத்தனை பேர் மண் வெட்டியதும் வீண். அதில் என் அம்மாவும் உண்டு.

மறுநாள் மதியம் அண்ணியின் போன் அணைந்துவிட்டது என்று ஆள் வந்து சொன்னார். பவர் பேங்க்கையும் புது ஒயரையும் எடுத்துக்கொண்டு வேலை நடக்கிற கண்மாய்க்கு வண்டியை விரட்டினேன். ஒயர் அண்ணி போனில் சேரவே இல்லை.

"ராத்திரியே மாட்டிப் பாத்தேன் தம்பி, போகல. அமுக்குனா ஒடஞ்சிருமோன்னு விட்டுட்டேன். விடிய நீங்க தூங்கிட்டு இருந்தீங்க, எழுப்ப மனசு வரல" என்றார் அண்ணி.

"காலேசுல ஒயரு மாட்டச் சொல்லித் தரலியாக்கும்?" என்று ஒரு குரல். சுற்றிலும் சிரிப்பு. அம்மா மட்டும் சிரிக்கவில்லை.

"சும்மா இருங்கடி, புள்ள மூஞ்சியப் பாருங்க" என்று மண்சட்டியை இறக்கி வைத்துவிட்டு ஒரு அக்கா வந்தார். "எங்க வீட்டுக்காரரு தலையில மாட்டுற லைட்டுக்கு இந்த மாதிரிச் சின்னப் பின்னுதான். மாடத்துல கெடக்கும், ஓடு."

ஓடி எடுத்து வந்தேன். மாட்டியதும் திரையில் வெளிச்சம் வந்தது. மூன்று சதவீதம் வரும்வரை காத்திருந்தோம். பிறகு எல்லோரும் வரிசையில் நின்றார்கள்.

"தம்பி, அங்கிட்டுத் தள்ளுங்க, படத்துல விழுறீங்க" என்றார் அண்ணி.

படம் ஏறியது.

"ஒயரப் பொழுது சாயக் கொண்டாந்து குடுத்துரு தம்பி. தண்ணி பாய்ச்சப் போறப்ப தேடுவாரு" என்றார் அந்த அக்கா.

ஒரே பின் வருவது நல்லதுதான் என்று இப்போதும் நம்புகிறேன். ஆனால் அந்தச் செய்தி புதுப் போன் வாங்குகிறவர்களுக்கானது. அண்ணியின் போன் அண்ணன் கல்யாணத்துக்கு வாங்கியது. சாயங்காலம் மறுபடி இலுப்பூருக்குப் போய்ப் பழைய பின் ஒயர் கேட்டேன். மூன்று கடை ஏறி இறங்கிய பிறகுதான் கிடைத்தது.